வெள்ளிக்கிழமை மட்டும் இறுகும் ஸ்டியரிங்

அண்ணியின் அலுமாரியில், சேலைகளுக்கு மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் அண்ணனின் கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, அடையாள அட்டை, சட்டைப் பையில் வைத்திருந்த சீப்பு. இவற்றோடு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பிளக். தீப்பெட்டியில் பாதி அளவுதான் இருக்கும். பின்பக்கம் நறுக்கிவிட்ட வயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கும் ஊசிக் கம்பிகளில் சில பச்சை பூத்துப் போயிருக்கும். கடிகாரத்தையும் கண்ணாடியையும் ஆஸ்பத்திரியில் பொலித்தீன் பையில் போட்டு என் கையில்தான் கொடுத்தார்கள். நான் அண்ணியிடம் கொடுத்தேன். பிளக்கை நான் கொடுக்கவில்லை. அதை என் மேசை லாச்சியின் அடியில், பழைய விடைத்தாள்களுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன்.

எங்கள் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில், ரயில் பாதைக்குக் கீழே. அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, தங்கை எனக்குக் கல்யாணம் இல்லை. நான் மலைமேல் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அண்ணன் பல்லேபொலப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பார். அந்த வேலைக்குத்தான் சின்னக் கார் ஒன்றை வாங்கினார். காலையில் என்னைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, வந்த பாதையாலேயே கீழே இறங்கிப் போவார். பின்சீட்டை மடக்கி மூட்டை அடுக்குவதால் காருக்குள் எப்போதும் கராம்பு மணக்கும். இன்றைக்கும் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் அந்த மணம் கிளம்பும். எனக்குத் தலைவலிதான் வரும்.

கார் வாங்கிய அன்று மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். எல்லாரும் செய்வதுதான். அதோடு விடுகிற ஆள் இல்லை அண்ணி. வெள்ளிக்கிழமை தோறும் விடிந்ததும் குளித்து, பித்தளைச் செம்பில் மஞ்சளைக் கரைத்து, கண்ணூறுக்கு ஒரு பிடி கல்லுப்பும் போட்டு, வேப்பங்கொத்தால் காருக்குத் தெளிப்பார். முதலில் பொனட், பிறகு டயர்கள், கடைசியாக டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்கின் தலையில். “கை வைக்கிற எடத்துக்குத்தான் காவல் வேணும்” என்பார். அதில் கஞ்சத்தனமே கிடையாது. ஸ்டியரிங்கில் விழுந்த தண்ணீர் அதன் தண்டு வழியாக டேஷ்போர்டுக்குள் வடிந்து போகும். அண்ணன் துவாயோடு காத்துக்கொண்டு நிற்பார். “அபிஷேகம் முடிஞ்சிச்சா மகாராணி, நாங்க ஏறலாமா?” என்று கேட்பார். அண்ணி மீதித் தண்ணீரை அவர் முகத்தில் விசிறுவார். இருவரும் சிரிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பாடசாலைக்குப் பிந்துகிறதே என்று எரிச்சலும் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சிரிப்பு இல்லை. மறுபடியும் கட்டாருக்கு வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்று முதல்நாள் அண்ணன் சொல்லியிருந்தார். ஏற்கெனவே போய் உடம்பு கெட்டு வந்தவர். அண்ணிக்குத் தாங்கவில்லை. காலையில் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே, “போறதுன்னா போங்க. வராட்டியும் எனக்குப் பரவால்ல” என்றார். சொல்லிக்கொண்டே தெளித்தார். கோபத்தில் கை இன்னும் தாராளமாகிவிட்டது. அண்ணன் துடைக்கவில்லை, துவாயை மடித்தபடியே வைத்துக்கொண்டு ஏறினார். பாடசாலை வரை என்னோடும் பேசவில்லை. நான் இறங்கும்போது, “பின்னேரம் பஸ்ஸில வந்துரு, நான் சுணங்குவேன்” என்றார், அவ்வளவுதான்.

முதல் பாடம் முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. கீழே இறங்கும் வழியில், இடப்பக்கம் மடங்கும் வளைவில் கார் மடங்காமல் நேரே போய், பாதையின் மறுபக்கத்துப் பலாமரத்தில் மோதியிருந்தது. அண்ணன் இருந்த பக்கம்தான் அடி. நான் போகும்போது அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முன்சீட்டில் துவாய் மடித்தபடி இருந்தது.

பின்னால் வந்த ஓட்டோக்காரர்தான் சாட்சி. நல்ல மனிதர், கண்டதைத்தான் சொன்னார்: “அண்ணன் திருப்பவே இல்ல. வேகமும் இல்ல. நேரா போனாரு.” அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. குடித்திருக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் தூங்கிவிட்டாரா, என்னோடு வந்து இறக்கிவிட்டுப் போன மனிதர், அந்தக் காலை நேரத்தில்? வேண்டுமென்றே திருப்பவில்லையோ என்று பேச்சு மாறியது. செத்த வீட்டுக்கு வந்து, நாங்கள் போட்ட கதிரையில் இருந்து, நாங்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அதைப் பேசினார்கள். அன்று காலை முற்றத்தில் நடந்த சண்டை அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருந்தது.

அதற்கு மேல் முத்திரை குத்தியவர் கராஜ்கார நானா. நானா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன்; இவர் சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருப்பவர். சிங்களவர்களும்கூட அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனின் கூட்டாளி. கை சுத்தம், வாய் மட்டும் அடங்காது. காரைப் பார்க்கும் முன்பே கோளாறைச் சொல்லிவிடுவார். அது பிழையாகப் போனால், அந்தக் கோளாறு இனிமேல்தான் வரப்போகிறது என்பார். பொலிஸ் விட்ட பிறகு காரை அவரிடம்தான் இழுத்துக்கொண்டு போனோம். மாதக்கணக்கில் வைத்திருந்து முன்பக்கத்தை நிமிர்த்தி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, கராஜில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, “ஸ்டியரிங்ல ஒரு கொறையும் இல்ல. நான் கேரண்டி” என்றார். கூட்டாளியின் காரைப் புகழ்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். பின்னேரம் ஆவதற்குள் அது அண்ணியின் காதில் விழுந்துவிட்டது.

அதன் பிறகு அண்ணியிடம் ஒரே கேள்விதான் மிச்சமிருந்தது. அரிசி களையும்போது கேட்பார், உடுப்புக் காயப்போடும்போது கேட்பார். “ஏன் திருப்பல?” என்னைப் பார்த்தும் கேட்கமாட்டார். “நான் சொன்னதுனாலயா?” என்று ஒரே ஒரு தடவை சேர்த்துக் கேட்டார். இல்லை அண்ணி என்றேன். அந்த இல்லைக்குப் பின்னால் வைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் அழவில்லை. நானும் அழவில்லை. சமைத்தோம், சாப்பிட்டோம், டீவியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் இருந்தோம். எனக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. யாராவது வந்து துக்கம் விசாரித்தால், அவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காரை விற்றுவிடலாம் என்றேன். “அவரு கடைசியா உக்காந்த எடம். நீ ஓட்டு” என்றார் அண்ணி. லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தேனே தவிரப் பழக்கம் இல்லை. மாட்டு வண்டி மாதிரித்தான் போவேன்; பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப் போவார்கள். கார் வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே அண்ணி செம்போடு வந்து நின்றார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? முன்பைவிடக் கூடுதலாகவே தெளித்தார். வீட்டில் மிச்சமிருந்தவள் நான் ஒருத்தி.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மலை ஏறும்போது ஒரு வளைவின் நடுவில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன்; யாரோ மறுபக்கம் பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. என் வேகம் என்ன வேகம், பிரேக்கை மிதித்தேன், ஒரு சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி கார் நின்றது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். லைட்டையும் காணோம், இறுக்கத்தையும் காணோம். எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அண்ணன் போன பிறகு எனக்கு வந்த முதல் சந்தோஷம் அதுதான். அண்ணன் திருப்பியிருக்கிறார். கார்தான் திரும்பவில்லை. காரைக் கானுக்குள்ளிருந்து பின்னுக்கு எடுத்து, மெதுவாகப் பாடசாலைக்குப் போனேன்.

அதை ஓடிப்போய் அண்ணியிடம் சொல்லவில்லை. நானா கேரண்டி கொடுத்த ஸ்டியரிங். கையில் ஒன்றும் இல்லாமல் போய்ச் சொல்லி, பிறகு அது இல்லையென்று ஆகிவிட்டால் மனுஷி தாங்கமாட்டார். கோளாறு இதுதான் என்று பிடித்துக் காட்டினால்தான் அண்ணியின் கேள்விக்குப் பதில். மறுநாள் சனிக்கிழமை, பாடசாலை இல்லை, கராஜுக்குக் கொண்டுபோனேன். நானா என்னை ஏற்றிக்கொண்டு மாத்தளை வரை ஓடிக் காட்டினார். வழி நெடுக ஒற்றை விரலால் திருப்பினார். “பாருங்க டீச்சர், பஞ்சு மாதிரி ஈக்கிது.” டயரில் காற்றுக் குறைவு என்றார், அடித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி இறுகியது. சனிக்கிழமை போனேன். முன்சக்கரத்து ‘போல் ஜொயின்ட்’ என்றார், மாற்றினார். அதற்கடுத்த சனிக்கிழமை பெட்டரி என்றார். அவருடைய ஸ்கேன் மெசின் எஞ்சினோடு மட்டும்தான் பேசும், ஸ்டியரிங்கோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில், “டீச்சர், கோவிக்க வாணாம், நீங்க அந்த ரோட்டுக்குப் பயந்து ஈக்கிறீங்க” என்றார். கோவிக்காமல் என்ன செய்வது? சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. இறுகியதெல்லாம் வெள்ளிக்கிழமை. நான் காட்டப் போனதெல்லாம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக நானா கராஜைத் திறப்பதில்லை, எனக்கும் பாடசாலை. அண்ணன் போனதும் வெள்ளிக்கிழமைதான். அப்போதும் எனக்குத் தண்ணீர் ஞாபகம் வரவில்லை. படிப்பிக்கிற ஆள் நான், ஏதாவது தோஷமாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அண்ணி தெளிப்பது எங்கள் வீட்டில் சேவல் கூவுவது மாதிரி. அதைத் தனியாக எடுத்து யோசிக்க யாருக்கும் தோன்றாது.

பௌர்ணமிப் போயா லீவு ஒன்று வெள்ளிக்கிழமையில் வந்தது. லீவு என்பதால் அண்ணி அன்று மத்தியானத்துக்குக் கிட்டத்தான் தெளித்தார்; முடித்ததும், கடைக்குப் போய்வருகிறேன் என்று நேரே நானாவின் வீட்டுக்கு ஓட்டினேன். கராஜுக்குப் பின்னால்தான் வீடு. பள்ளிவாசலுக்குப் புறப்பட்டு, வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, தொப்பி, அத்தர் வாசத்தோடு வெளியே வந்தார். “இன்னைக்கி வேல இல்ல டீச்சர்” என்றார். “ஏறி ஒருக்காச் சுத்திப் பாருங்க நானா. பிறகு போங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினார். ஒரு பக்கம் சுற்றினார், லேசாகச் சுற்றியது. மறுபக்கம் பாதியில் நின்றுவிட்டது. மஞ்சள் லைட் எரிந்தது. நானா தொப்பியைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தார்.

உடுப்பைக்கூட மாற்றாமல் இறங்கி, மல்லாந்து தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தார். என்னைப் பக்கத்துச் சீட்டிலிருந்து ஸ்டியரிங்கைச் சுற்றச் சொன்னார். உள்ளே ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“இப்ப?”

“லேசு.”

“இப்ப?”

“லேசுதான்.”

“இப்ப எப்பிடி ஈக்கிது?”

“இறுகிருச்சு நானா.”

ஸ்டியரிங்குக்கு உதவி செய்கிற மோட்டர் அதன் தண்டிலேயே இருக்கிறதாம். கை எந்தப் பக்கம் திருப்புகிறது என்ற செய்தி ஒரு பிளக் வழியாக அதற்குப் போக வேண்டுமாம். அந்தப் பிளக்குக்குள் ஈரம் நின்றால் செய்தி குழம்பி, மோட்டர் உதவாமல் மறித்துக்கொண்டு நிற்குமாம். காய்ந்தால் சரியாகிவிடும். இதையெல்லாம் பிறகுதான் விளங்கப்படுத்தினார். அப்போது பிளக்கைக் கழற்றி, வயரோடு வெளியே இழுத்துக் கையில் பிடித்தபடி வந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டி, வெள்ளைச் சேட்டின் கையில் மஞ்சளாக ஊறியிருந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மஞ்சள். உப்பும் ஈக்கிது” என்றார். “யாரு டீச்சர்?”

“அண்ணி” என்றேன். “வெள்ளிக்கிழமை தோறும்.”

நானா காரின் கதவுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான்தானே கேரண்டி குடுத்த” என்று மட்டும் சொன்னார். பள்ளியில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. எழுந்து குறடால் வயர்களை நறுக்கிப் பிளக்கை என் கையில் வைத்தார். “இத அந்த மனுசிக்குக் காட்ட வாணாம்.” பிறகு உள்ளே போய் வேறு சேட்டுப் போட்டுக்கொண்டு தொழப் போனார். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பிளக் கைப்பைக்குள் இருந்தது. அண்ணனின் பெயரைக் காப்பாற்ற எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அது. அதைக் காட்டினால் அண்ணியைக் கொன்றுவிடும். எனக்கு அழுகையும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் லாச்சியில் போட்டு மூடிவிட்டுத் தேங்காய் துருவப் போனேன்.

சில நாள் கழித்துக் காரை நானாவே ஓட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. ஆயுளில் ஒரு தடவையும் பிழையை ஒத்துக்கொள்ளாத மனிதர் வாசலில் நின்று அண்ணியிடம் சொன்னார்: “தங்கச்சி, எனக்குப் பிழைச்சிப் போச்சி. ஸ்டியரிங்லதான் கொறை இருந்திக்கிது. மனுசன் திருப்பி ஈக்காரு. கார்தான் திரும்பல்ல.”

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டார். “திருப்பினாரா?”

“திருப்பி ஈக்காரு.”

“எதுனால புடிச்சிச்சி?”

நானா கலண்டரைப் பார்த்தார். “மழத் தண்ணி எறங்கி ஒரு வயர் கெட்டுப் போயிருக்கு. பழைய காருதானே. இப்ப புதுசு போட்டு, மேல தூக்கிக் கட்டி, சைக்கிள் டியூப் சுத்தி ஈக்கிறன். இனி எவ்வளவு தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.” அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் கண் அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்திருந்த செம்புக்குப் போய் வந்தது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அண்ணன் போன பிறகு முதல் தடவையாக அழுதார். சத்தம் போட்டு அழுதார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று நானும் கதவைச் சாத்தாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு நிறைய வெள்ளிக்கிழமைகள் வந்து போய்விட்டன. அண்ணி தெளிப்பார், நான் ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டு ஏறுவேன். கார் மறுபடி இறுகவில்லை. “ஏன் திருப்பல” என்ற கேள்வி வீட்டில் இல்லாமல் போயிற்று. அண்ணி கொஞ்சம் சிரிக்கவும் தொடங்கினார். எனக்குத்தான் எதுவும் திரும்பி வரவில்லை. மஞ்சள் தண்ணீர் என் கையில் படும்போதெல்லாம் லாச்சி ஞாபகம் வரும். பிளக்கை எறிந்துவிடலாம் என்று பல தடவை எடுத்திருக்கிறேன். எறிந்தால் அண்ணன் திருப்பினார் என்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது என்று திரும்ப வைத்துவிடுவேன்.

போன மாதம் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது என் மேசை மேல் கத்தரிக்கோல் கிடந்தது. அண்ணி லாச்சியில் தேடி எடுத்திருக்கிறார். லாச்சியைத் திறந்து பார்த்தேன். விடைத்தாள்கள் அடுக்கியபடி இருந்தன, அடியில் மஞ்சள் கறை பிடித்த அந்தப் பிளக் இல்லை. இரவு சாப்பாடு போட்டார், சாப்பிட்டோம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் காரில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அண்ணி குளித்து ஈரத் தலையோடு செம்பைக் கொண்டுவந்தார். பொனட்டில் தெளித்தார். டயர்களுக்குத் தெளித்தார். என் பக்கக் கதவைத் திறந்து வேப்பங்கொத்தை ஓங்கினார். கை அப்படியே நின்றது. கொத்திலிருந்து தண்ணீர் அவர் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அவரு திருப்பினாரு தானே?” என்றார்.

“திருப்பினாரு அண்ணி.”

தலையை ஆட்டினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, செம்பில் இருந்த மிச்சத்தை முழுவதும் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினார். அதிலிருந்து அவர் காருக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வெறுங்கையோடு வந்து வாசலில் நிற்பார், நான் வளைவு தாண்டும் வரை நிற்பார்.

நேற்றுச் சேலை ஒன்று எடுக்க அவருடைய அலுமாரியைத் திறந்தேன். பிஸ்கட் டின் சரியாக மூடாமல் இருந்தது. அண்ணனின் கடிகாரம் எப்போதோ ஓடி நின்றுவிட்டது. அதன் பட்டிக்குள் அந்தப் பிளக்கைச் செருகி வைத்திருக்கிறார். மஞ்சளைத் துடைக்கவில்லை. அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். டின்னை இறுக மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சேலையை எடுத்துக்கொண்டு வந்தேன்.